நீர் மாத்திரை

— பதினோரு பவுண்டு, டெல்மர். ரெண்டே வாரத்துல பதினோரு பவுண்டு ஏறியிருக்கீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, நீர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?

— போட்டேன். நாலாவது தடவையா கேக்குற, நாலாவது தடவையா சொல்றேன். எழுதிக்கோ.

— எழுதத்தான் போறேன். என்ன எழுதப் போறேன்னு தெரிஞ்சா இப்படிக் கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டீங்க.

— உன் தராசு சரியில்ல. அதையும் எழுதிக்கோ. போன தடவை பூட்ஸக் கழட்டச் சொன்ன, இந்தத் தடவை பூட்ஸோட ஏத்திட்ட.

— நான் ஒண்ணும் பேசல ரோண்டா. ஆனா இந்த மனுஷன் பூட்ஸ் போட்டு ஒரு மாசம் ஆவுது. கால் உள்ள போனாத்தானே? வீட்டுச் செருப்போட பின்பக்கத்தக் கத்தியால கீறி, அதுல கால நொழச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

— வெர்னா, நீ எனக்குப் பொண்டாட்டியா, இவளுக்குச் சாட்சியா?

— நான் ஒண்ணும் பேசலன்னு சொன்னேனா இல்லையா? ரோண்டா, பாத்ரூம் போன தடவை இருந்த இடத்துலதானே இருக்கு? அடிச்சுக்கிறதா இருந்தா நான் வர்றதுக்குள்ள அடிச்சு முடிங்க.

— அதே இடந்தான் வெர்னா, நடையோட கடைசியில. சரி டெல்மர், அவங்க போயாச்சு. பொண்டாட்டி முன்னாடி சொல்ல முடியாதது ஏதாவது இருந்தா இப்பச் சொல்லுங்க.

— சொல்றேன். எனக்கு இருதயத்துல புதுசா ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கிறது மூத்திரக் கோளாறு. ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறேன். என் மச்சான் எவரெட்டுக்கும் இதே கதைதான். ப்ராஸ்டேட் வீங்கியிருக்குன்னு ஒரு மாத்திரை கொடுத்தாங்க, இப்ப விடிய விடியக் குறட்டை விடுறான். அதையே எனக்கும் எழுதிக் கொடு, நான் போயிட்டே இருக்கேன்.

— எவரெட்டுக்கு வீங்கினா உங்களுக்கு எதுக்கு மருந்து? வந்ததுமே உங்க மூத்திரத்தச் சோதிச்சேன். கிருமி இல்ல, சர்க்கரை இல்ல, ரத்தம் இல்ல. போயிட்டு வந்ததும் அடிவயித்துல கருவிய வச்சுப் பாத்தேன். பையில மிச்சம் ரெண்டு ஸ்பூன் கூட இல்ல. ப்ராஸ்டேட் அடைச்சிருந்தா பாதிப் பை நின்னிருக்கும். அதுக்கு மேல பின்பக்கமா விரல விட்டும் பாத்தாச்சு.

— அந்தப் பேச்ச எடுக்காத.

— நான் எடுக்கல, நீங்கதான் எவரெட்ட இழுத்தீங்க. அவரு மாத்திரைய உங்களுக்குக் கொடுத்தேன்னு வைங்க, இருக்கிற ரத்த அழுத்தமும் இறங்கி, எந்திரிச்ச இடத்துலயே விழுவீங்க. உங்க வால்வு இருக்கிற இருப்புக்கு விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க.

— அப்ப ராத்திரி அஞ்சு தடவை எங்கிருந்து வருது? வானத்துலேருந்தா?

— கால்லேருந்து. பகல் பூரா தண்ணி கால்ல இறங்கி நிக்குது. நீங்க சாய்ஞ்சதும் அது மேல ஏறுது, ரத்தத்துல கலக்குது, சிறுநீரகம் அதப் பிழிஞ்சு வெளிய தள்ளுது. மூத்திரப் பை நல்லாத்தான் இருக்கு. இருதயம்தான் தண்ணிய வாரிக் கொட்ட முடியாமத் தவிக்குது. முதுகுல குழல வச்சுக் கேட்டேனே, பாதி முதுகு வரைக்கும் கொரகொரன்னு சத்தம். அது தண்ணி, டெல்மர். நுரையீரல்ல தண்ணி.

— இதெல்லாம் நீ சொல்ற. டாக்டர் எங்க?

— டாக்டர் இந்த மலைப் பக்கம் வராமப் பதினெட்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்கேருந்தே இந்த டிவியில மூஞ்சியக் காட்டுவாரு. இன்னிக்குச் செவ்வாய்.

— அதானே பாத்தேன். நீ நர்சுதானே.

— நர்ஸ்தான். நர்ஸா இருந்துட்டு, அதுக்கு மேலயும் படிச்சுட்டு வந்தவ. நோயக் கண்டுபிடிக்கவும் மருந்து எழுதவும் கென்டக்கி மாநிலம் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கு. மார்ச்சு மாசம் உங்க நெஞ்சுல குழல வச்சு, வால்வு ஒடஞ்சுபோய்க் கெடக்குன்னு சொன்னது எந்த டாக்டரு? நாந்தானே? நீங்க நெஞ்செரிச்சல்னு சொல்லிக்கிட்டு வந்தீங்க.

— சரி சரி.

— சரி சரி இல்ல. லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஆபரேஷன் தேதி வாங்கிக் கொடுத்தது யாரு? ரெண்டு மாசம் தெனமும் ஃபோன் போட்டது யாரு?

— நீதான், இல்லேங்கல. அதுக்காக என்னைப் பொய்யன்னு சொல்வியா? ஒண்ணாம் கிளாசுலேருந்து உன்னை என் பஸ்ல ஏத்திட்டுப் போனவன் நான். முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவன். ஒரு பிள்ளை விழுந்ததுண்டா என் வண்டியில?

— இல்ல. ஆனா நான் ஒரு நிமிஷம் லேட்டா ஓடி வந்தா, கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே கதவச் சாத்திட்டுப் போவீங்க. ஞாபகம் இருக்கா?

— ஒருத்திக்காக நாப்பது பேர நிறுத்த முடியுமா?

— அதேதான். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள லெக்சிங்டனுக்கு நான் ஒரு தாள் அனுப்பணும். அதுல ஒரு கேள்வி. சொன்ன மருந்த நோயாளி ஒழுங்காச் சாப்பிடுறாரா? ஆமா, இல்ல. அவ்வளவுதான். இல்லன்னு எழுதினா பத்தொம்பதாம் தேதி உங்களுக்குக் கெடையாது, வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிடும். இப்ப நான் கதவு பக்கத்துல நிக்கிறேன் டெல்மர், நீங்க ரோட்டுல ஓடி வர்றீங்க.

— மெரட்டுறியா? என் பஸ்ல வந்த டேக்கெட் வீட்டுப் பொண்ணு என்னை மெரட்டுதா?

— வெளிய வரைக்கும் கேக்குது. நடையில உக்காந்திருக்கிற ரெண்டு பேரும் காதத் தீட்டிக்கிட்டு இருக்காங்க. என்ன மெரட்டல்?

— வா வெர்னா. ஆபரேஷன் கெடையாதாம். நான் மாத்திரைய முழுங்கல, தூக்கி எறியுறேனாம்.

— நான் ஒண்ணும் பேசல. ஆனா ரோண்டா, இந்த மனுஷன் அத்தன பொல்லாதவன் இல்ல. வாய்தான் பெரிசு.

— வெர்னா, நீங்களே சொல்லுங்க. உப்பு? வீட்டுல பன்னித் தொடை உப்புக்கறி தொங்குதா? டின்னுல அடைச்ச சூப்பு? ஊறுகாய்?

— உப்பா? மார்ச்சுல நீ சொன்னதுலேருந்து உப்பு ஜாடிய எடுத்து பக்கத்து வீட்டுல கொடுத்துட்டேன். அவரையும் சோள ரொட்டியும்தான், ரெண்டுலயும் உப்பு கெடையாது. சர்ச்சு விருந்துல உப்புக்கறித் தட்டு இவனத் தாண்டித்தான் போச்சு, நான் கையத் தட்டி விட்டேன். வாயில போட்டா மண்ணத் தின்ன மாதிரி இருக்குன்னு தெனமும் சண்ட. உப்புன்னு என்னைச் சொல்லாத ரோண்டா, எனக்குக் கோவம் வரும்.

— சரி, உப்பு இல்ல. தூக்கம்? எங்க தூங்குறாரு?

— அதையும் நானா சொல்லணும்? ரெண்டு மாசமா கூடத்துல, அந்தச் சாய்வு நாற்காலியில. ஒரு நாள் ராத்திரி தலகாணியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போனவன்தான். நான் என்ன தப்பு பண்ணினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. முப்பத்தொம்பது வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவ நான்.

— படுத்தா மூச்சு முட்டுது வெர்னா! கழுத்த யாரோ நெரிக்கிற மாதிரி இருக்கு! உன் மேல கோவம்னு யாரு சொன்னா?

— சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— சொன்னா நீ பயந்துக்குவ.

— பயந்துக்குவேனாம்! இப்ப மட்டும் சந்தோஷமா இருக்கேன் பாரு!

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. டெல்மர், படுக்க முடியலன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கணும். ராத்திரி மூத்திரம் மூத்திரம்னு ஒரே பாட்டப் பாடிட்டு, இத மறைச்சீங்க. இத மறைச்சவரு மாத்திரைய மறைக்க மாட்டாருன்னு நான் எப்படி நம்புறது?

— பைபிள் மேல சத்தியம் பண்றேன்.

— சத்தியம் வேணாம், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மருந்துக் கடைக்கு ஃபோன் பண்ணேன். மாத்திரை நாள் தவறாம வாங்கியிருக்கு. போன மாசம் நாலு பவுண்டு ஏறினப்ப, தெனம் ஒண்ணா இருந்தத ரெண்டாக்கினேன். அதையும் வாங்கியிருக்கு. வாங்கின மாத்திரை எங்க போகுது? நாய்க்கா போடுறீங்க?

— என் வாயில போகுது. எழுதிக்கோ.

— அப்ப இதுக்குப் பதில். காலையில ஏழு மணிக்கு ரெண்டு நீர் மாத்திரை போட்டா, எட்டு மணிக்கெல்லாம் அது வேலையக் காட்டும். மதியம் வரைக்கும் நீங்க பாத்ரூமுக்கும் நாற்காலிக்கும் நடையா நடக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நான் உங்களுக்குப் பின்னாடி வரிசையில உக்காந்திருந்தேன். பாதிரி ரெண்டு மணி நேரம் பேசினாரு. பத்து பேரு எந்திரிச்சுப் போயிட்டு வந்தாங்க. நீங்க அசையல.

— முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டுனவனுக்கு அடக்கத் தெரியாதா?

— இந்த மாத்திரைய யாராலயும் அடக்க முடியாது டெல்மர். என் மாமனாரு எருமை மாதிரி இருப்பாரு, அவரே கார நிறுத்திட்டு வேலி ஓரம் ஓடுவாரு. நீங்க அசையலன்னா, அன்னிக்குக் காலையில அது உங்க உடம்புக்குள்ள போகல. நான் இத உங்க காலப் பாத்துச் சொல்லல. கல்லு மாதிரி நீங்க உக்காந்திருந்ததப் பாத்துச் சொல்றேன்.

— நான் ஒண்ணும் பேசல. ரோண்டா, தப்பா நெனச்சுக்காத, நான் இன்னொரு தடவை போயிட்டு வந்துர்றேன். காலையில காபி அதிகமாயிடுச்சு. பைய இங்கயே வச்சுட்டுப் போறேன்.

— போயிட்டு வாங்க வெர்னா. இவரு எங்கயும் ஓட மாட்டாரு, ஓட முடியாது.

— கேலி பண்ணு. நல்லாப் பண்ணு.

— கேலி இல்ல. எனக்கு ஆத்திரம். போன வருஷம் ஒருத்தரு, பேரு வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்சவருதான். மாத்திரை சாப்பிடுறேன்னு இதே நாற்காலியில உக்காந்து சொன்னாரு. நல்ல மனுஷன், வருத்தப்படுத்த வேண்டாமேன்னு தாள்ல 'ஆமா'ன்னு எழுதினேன். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வச்சாங்க. நுரையீரல் பூரா தண்ணி. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அவரு பொண்டாட்டி கடையில என்னைப் பாத்தா இப்பவும் கையப் புடிச்சு நன்றி சொல்லுது. எனக்கு அந்த இடத்துலயே செத்துப் போகலாம்னு இருக்கும். இன்னொரு தடவை என் கையால பொய் எழுத மாட்டேன். நீங்க கத்துங்க, திட்டுங்க, எழுத மாட்டேன்.

— ரோண்டா.

— என்ன?

— ஒண்ணு சொல்றேன். வெர்னாகிட்ட சொல்லக் கூடாது.

— சொல்லுங்க.

— நான் அந்தப் பத்தொம்பதாம் தேதிய எண்ணிக்கிட்டு இருக்கேன். காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிக்கிறேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு. எழுபது வயசுல, ஆம்பள, இத யாருகிட்ட சொல்ல முடியும்? ராத்திரி அந்த நாற்காலியில கண்ண மூடவே பயம். மூடினா திரும்பத் தொறக்க மாட்டேனோன்னு. நெஞ்சப் பொளந்து என்ன வேணா பண்ணுங்கடா, திரும்ப என் கட்டில்ல நீட்டிப் படுக்க விட்டாப் போதும்னு இருக்கேன். இப்படி இருக்கிறவன் மாத்திரையத் தூக்கி எறிவானா? உனக்கு மூளை இருக்கா? மூளை இருந்தா யோசிச்சுப் பாரு.

— ...யோசிக்கிறேன். கத்தாதீங்க, உதடு நீலமாவுது. மெதுவா மூச்ச விடுங்க. கேட்டதுக்குப் பதில் மட்டும். காலையில மொத்தம் எத்தன மாத்திரை முழுங்குறீங்க?

— ஏழோ எட்டோ.

— ஏழா, எட்டா?

— யாரு எண்ணுறா? வெர்னா கையில கொட்டுவா, வாயில போட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிப்பேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த ஏழு நாள் டப்பா இருக்குல்ல, அதுல வாரத்துக்கும் அவதான் ரொப்பி வைப்பா. நான் மூடியக் கூடத் தொறக்கிறதில்ல.

— நீர் மாத்திரை எப்படி இருக்கும்?

— வட்டமா இருக்கும்.

— எல்லாம் வட்டந்தான். நெறம்?

— எனக்கு எப்படித் தெரியும்? இருட்டுலயா முழுங்குறேன்னு கேக்காத. பாக்கிறதில்ல. பொண்டாட்டி கொடுக்கிறத எவன் சந்தேகப்பட்டுப் பாப்பான்?

— டப்பா எங்க?

— அவ பையிலதான் இருக்கும். எங்க போனாலும் எடுத்துட்டு வருவா.

— தொறக்கட்டுமா? உங்க மருந்து, நீங்க சொன்னாத்தான் தொடுவேன்.

— தொற. தொறந்து பாரு. பாத்துட்டு என் கால்ல விழுந்து மன்னிப்பு கேளு.

— இன்னிக்குச் செவ்வாய், காலி. புதன் இருக்கு. ஏழு. ஒம்பது இருக்கணும். வியாழன், ஏழு. வெள்ளி, ஏழு. சனி, ஏழு.

— அதனால?

— ரத்தம் கட்டாம இருக்கிறதுக்குப் போடுறது இருக்கு. அழுத்தத்துக்கு இருக்கு. கொழுப்புக்கு, பொட்டாசியத்துக்கு, எல்லாம் இருக்கு. நீர் மாத்திரை ரெண்டும் இல்ல. ஒரு நாள் கூட இல்ல.

— கடைக்காரன் கொடுக்காம விட்டிருப்பான்.

— கொடுத்தான். போன வியாழக்கிழமை வெர்னா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. என்னை மன்னிச்சுக்கோங்க டெல்மர். நீங்க பொய் சொல்லல.

— அப்ப?

— 'அப்ப'ன்னு என்னைக் கேக்காதீங்க. வர்றாங்க.

— என்னப்பா, ரெண்டு பேரும் இப்படி மொறைக்கிறீங்க? என் பைய ஏன் மேசையில கவுத்து வச்சிருக்கீங்க?

— வெர்னா, இந்த டப்பாவ ரொப்பினது நீயா?

— நான்தான். வேற யாரு ரொப்புவா, நாயா?

— இதுல நீர் மாத்திரை எங்க?

— ஒரு நாள் மறந்திருப்பேன்.

— நாலு நாள் வெர்னா! நாலு அறையிலயும் இல்ல! எத்தன வாரமா இல்ல? கண்ணப் பாத்துச் சொல்லு!

— கத்தாத டெல்மர். மூச்சு வாங்கும்.

— வாங்கட்டும்! நீ அதுக்குத்தானே பாத்துக்கிட்டு இருக்க? இவ என்னைப் பொய்யன், திருடன்னு ஒரு மணி நேரமா நாறடிக்கிறா, நீ பக்கத்துல உக்காந்து 'நான் ஒண்ணும் பேசல, நான் ஒண்ணும் பேசல'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே! இன்னும் பத்து நிமிஷத்துல என் ஆபரேஷன இவ கிழிச்சுப் போட்டிருப்பா, அப்பவும் பேசியிருக்க மாட்டல்ல?

— டெல்மர், உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல!

— நீ சும்மா இரு ரோண்டா! இது எங்க ரெண்டு பேருக்கும். என்ன வெர்னா, சலிச்சுப் போச்சா? நான் போயிட்டா, தங்கச்சியோட ஃபுளோரிடாவுல போய்க் கடல் காத்து வாங்கலாம்னு கணக்குப் போட்டியா? அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாளே! நேரா சொல்லியிருந்தா நானே பெட்டியக் கட்டி அனுப்பியிருப்பேன். தலகாணிய மூஞ்சியில அமுக்கிக் கொன்னிருக்கலாம், அது மரியாதையாவாவது இருந்திருக்கும். டப்பாவுல வச்சு, வாரா வாரம், சர்ச்சுக்குப் போற அவசரத்துல! பொம்பளையா நீ?

— பேசு. எல்லாத்தையும் பேசி முடி.

— டெல்மர், வாய மூடுங்க. இப்ப நான் பேசணும். வெர்னா, நில்லுங்க. நீங்க இங்க வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை பாத்ரூம் போயாச்சு. இப்ப மறுபடியும் கதவப் பாக்குறீங்க.

— காபின்னு சொன்னேனே.

— காபி இல்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இவரு அசையல. அவரு பக்கத்துல உக்காந்திருந்த நீங்க நாலு தடவை எந்திரிச்சுப் போனீங்க. நான் கண்ணால பாத்தேன். எனக்கு உறைக்கல. நான் இவரோட முதுகையே மொறைச்சுக்கிட்டு இருந்தேன். கணுக்கால் தெரியுற மாதிரி அந்த ஸ்கர்ட்டக் கொஞ்சம் மேல தூக்குங்க.

— தொடாத.

— தொடல. நீங்களே தூக்குங்க, இல்ல வேண்டாம், தூக்க வேண்டாம். எதையும் புடிக்காம, சுவத்துல சாயாம ஒரு நிமிஷம் நில்லுங்க. ...முடியல, பாத்தீங்களா? எத்தன நாளா?

— ஈஸ்டர்லேருந்து.

— ஈஸ்டரா! மூச்சு?

— வாங்கும். துணி காயப் போடப் போனா நடுவுல ரெண்டு தடவை நிப்பேன். இவனுக்கு வந்த மாதிரியேதான் எனக்கும் வந்துச்சு. கால் ஷூவுக்குள்ள போகல. ஒரு நாள் இவனோட மாத்திரையில பாதிய ஒடச்சுப் போட்டேன். மதியத்துக்குள்ள கால் வத்திடுச்சு. அப்புறம் பாதிப் பாதின்னு ரெண்டு பேரும். போன மாசம் நீ ரெண்டாக்கினியா, எனக்கும் ஒண்ணு ஆண்டவரே அனுப்பி வச்சாருன்னு நெனச்சேன். அதுவும் பத்தாமப் போச்சு. ரெண்டு வாரமா ரெண்டையும் நானே போடுறேன்.

— உன் கால்ல வீக்கம்னா உனக்கு வைத்தியம் பாக்கணும், என் மாத்திரைய ஏன்டி எடுத்த?

— வெர்னா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இங்க வர்றீங்க. இதே ரூமுல, எனக்கு மூணடி தள்ளி உக்காந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— நீ கேட்டியா? மார்ச்சுலேருந்து வர்றேன். இவன் எடை என்ன, இவன் உப்பு என்ன, இவன் தூக்கம் என்ன, இவன் மூத்திரம் என்ன. அத்தனையும் என்கிட்டதான் கேட்ட. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெர்னா நீ எப்படி இருக்கன்னு கேட்டியா? பெரிய படிப்பு படிச்சவதானே? மூணடி தள்ளி உக்காந்திருக்கிறவளுக்கு மூச்சு வாங்குறது உன் காதுல விழலையா?

— ...கேக்கல. தப்புதான். என் தப்பு.

— அவ கேக்கல, சரி! நான் கூடவா இல்ல? வீட்டுல நான் என்ன மரக்கட்டையா? எனக்குச் சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? ஏன் மறைச்ச வெர்னா? ஏன்?

— லெக்சிங்டன்ல ஆஸ்பத்திரிப் பொண்ணு ஒருத்தி என்கிட்ட ஒரு தாள நீட்டினா. நீ அப்ப எக்ஸ்ரே எடுக்கப் போயிட்ட. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் உன்னைத் தூக்க, குளிப்பாட்ட, வீட்டுல நோய் நொடி இல்லாத ஆளு ஒருத்தரு இருக்கணும், இல்லாட்டி தேதி கெடையாதுன்னா. நமக்கு வேற யாரு இருக்கா டெல்மர்? எனக்கு ஒரு குறையும் இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டேன். உன் தேதி போயிடக் கூடாதுன்னு, பத்தொம்பதாம் தேதி வரைக்கும் நான் நல்லா இருக்கணும்னுதான், உன் மாத்திரைய நான் முழுங்கினேன்.